மத்தியானம் என்ன சாப்பிட்டோம்?

பூட்டுக்காரர் யாரையும் லேசில் நம்பமாட்டார். மாற்றுச் சாவிக்கு வருகிறவர்களிடம், அது யார் வீட்டுச் சாவி என்று துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் அரத்தைக் கையில் எடுப்பார். தொழில் அப்படி. ஆனால் கட்டிய மனைவியையே சந்தேகப்பட வேண்டி வருமென்று அவர் நினைத்ததில்லை.

மகள் கல்யாணமாகி வெளியூர் போன பிறகு வீட்டுக்குள் எல்லாமே மாறிப்போனது. டீயில் சர்க்கரை பேருக்குத்தான். குழம்பில் உப்பைத் தேட வேண்டியிருந்தது. விடிந்ததும் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டு, நடக்கப் போகலாம் வாங்க என்று வாசலில் நின்றாள். சாப்பிட்டுக் கை கழுவியதும் டிவியை அணைத்துவிட்டுப் படுக்கச் சொன்னாள்.

அதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டார். கேள்விகளைத்தான் தாங்க முடியவில்லை. மத்தியானம் வீட்டில் சாப்பிட்டுப் போனவர் சாயங்காலம் கடையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவாள். மத்தியானம் என்ன சாப்பிட்டோம்? நேற்று யார் வந்தார்கள்? அவர் சொல்லச் சொல்ல முகத்தையே பார்ப்பாள், முடித்ததும் தலையாட்டிக்கொள்வாள். பரீட்சைக்கு மார்க் போடுவது போலிருந்தது.

தனக்கு மறதி வந்துவிட்டதென்று நினைக்கிறாளோ என்று அவருக்கு உறுத்தியது. ஒருநாள் அவள் போனில் மகளிடம் தணிந்த குரலில் பேசுவது காதில் விழுந்தது.

"அப்பாவுக்கு இப்போ தெரிய வேணாம்டி. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு."

அம்மாவும் பெண்ணும் கூட்டுச் சேர்ந்துவிட்டார்கள். கடையில் சாவி அளவைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். தன் ஞாபகசக்தி மேலேயே அவருக்கு நம்பிக்கை விட்டுப்போனது. கடைசியில், அவள் என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று வேண்டுமென்றே தப்பாகப் பதில் சொன்னார். மத்தியானம் சாப்பிட்டது கீரை. மீன் என்றார்.

அவள் தலையாட்டினாள்.

கள்ளி, மனசுக்குள் குறித்துக்கொள்கிறாள் என்று நினைத்தார். மறுநாள் பொய்யைப் பெரிதாக்கினார். முந்தின நாள் தன் தங்கை வந்துபோனதாகச் சொன்னார். தங்கை அந்தப் பக்கம் வந்தே வெகுகாலம்.

மனைவி தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நான் அவங்களுக்குச் சாப்பிட ஏதாவது குடுத்தேனா?"

தங்கை வரவே இல்லை, மீனும் பொய்தான் என்று மெல்லச் சொன்னார். அவள் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீங்க சொல்றதை வச்சுத்தான் மறந்துபோனதையெல்லாம் நான் கோத்துக்கிட்டிருந்தேன். அதுலயும் பொய்யா?"

பிறகு நடந்ததைச் சொன்னாள். மளிகைக் கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, சொந்தத் தெருமுனையில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்றிருக்கிறாள். நடை, நல்ல தூக்கம், உப்பும் சர்க்கரையும் குறைத்த சாப்பாடு, மனுஷர்களோடு பேச்சு, எல்லாம் மூளைக்கு நல்லதென்று மகள் சொல்லியிருக்கிறாள். மகள் டாக்டரைப் பார்க்கச் சொன்னதற்கு மட்டும் இவள் பிடிகொடுக்கவில்லை. காலையில் அவரை இழுத்துக்கொண்டு நடந்ததும், தனியாகப் போனால் வழி தவறிவிடுமோ என்ற பயத்தில்தான்.

மறுநாள் கடையைத் திறக்காமல் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனார். சோதனைகள் பார்த்த டாக்டர், ரத்த அழுத்தம் எகிறியிருக்கிறது, வைட்டமின் குறைந்திருக்கிறது, பெண் போன பிறகு சரியான தூக்கமும் இல்லை, மனசும் சோர்ந்திருக்கிறது என்றார். இதையெல்லாம் சரிசெய்துவிட்டுப் பார்ப்போம், இப்போதே எதையும் முடிவாகச் சொல்ல முடியாது. நடையை விட வேண்டாம். ஆனால் முதலிலேயே வந்திருக்க வேண்டும் என்று கொஞ்சம் கடிந்துகொண்டார்.

இப்போது நிறையவே தேவலை. வாரத்தில் ஏதாவது ஒருநாள் தடுமாறுகிறாள். அப்போது அவரிடம் கேட்கிறாள், அவரும் உள்ளதை உள்ளபடி சொல்கிறார். அவள் தலையாட்டுவதில்லை. பக்கத்து வீட்டம்மாவிடம் போய் இன்னொரு தரம் விசாரித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வெகுநேரம் கதை பேசிவிட்டு வருகிறாள்.