இடது வாயோரம்

என் கணவர் வளவனுக்கு வாய் ஓயாது. மேட்டூர் அணையில் எத்தனை அடி தண்ணீர், நடவுக்கு யார் வரவில்லை என்று நாளெல்லாம் பேசுவார். அதனால் அவர் தலையைக் களிமண்ணில் செய்ய உட்காரவைத்த அன்றே கண்டிப்பாகச் சொன்னேன்: "நான் மண்ணுல கை வச்சா நீங்க வாயத் தொறக்கக் கூடாது. தாடை அசைஞ்சா அளவு போயிடும்."

"சரிங்க வாத்தியாரம்மா," என்று வாயை மூடிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சுவாமிமலைப் பட்டறையில் வெண்கலத்தில் வார்க்கக் கொடுக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, காலிப்பரின் ஒரு முனையை அவர் இடது கண்ணோரத்திலும் மறுமுனையை வாயோரத்திலும் வைத்து அளந்தேன். மண்ணும் முகமும் ஒத்துப்போயின. மண் காயக் காயச் சுருங்கும் என்பதால் அளக்கும்போதெல்லாம் நேரத்தைக் குறித்துவைப்பது என் வழக்கம்.

பத்தேகாலுக்கு மறுபடி அளந்தேன். மண்ணைவிட முகத்தில் ஒரு நெல் நீளம் கூடுதலாக இருந்தது. பாழாய்ப்போன மண் அதற்குள் சுருங்கிவிட்டது என்று எரிச்சலோடு மண் உதட்டைக் கீழே இறக்கினேன்.

அவர் வலது கையைத் தூக்கினார்.

"ஆடாதீங்க. கொஞ்ச நேரந்தான்," என்று அதட்டினேன். கையை இறக்கிக்கொண்டார்.

பத்தரைக்கு அளந்தால் இன்னும் கூடுதல். மறுபடியும் இறக்கினேன். எங்கோ கெடுத்துவிட்டோமே என்று பின்னால் தள்ளி நின்று மண் தலையைப் பார்த்தேன். அதில் பாதி முகம் தொங்கிப்போயிருந்தது. ஒப்பிட அவரைப் பார்த்தேன். மண்ணில் ஒரு பிழையும் இல்லை.

"என்னங்க, பேசுங்க," என்றேன். வாயின் வலப்பக்கம் மட்டும் அசைந்தது. இடது ஓரத்தில் எச்சில் வழிந்தது. இடது கையைத் தூக்கச் சொன்னேன். அவர் அந்தக் கையைப் பார்த்தார். அது அசையவில்லை.

பக்கத்து வீட்டு ஜாஃபர் சாதிக் தன் காரில் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினார். "ஏதாவது சொல்லுங்க," என்று வழியெல்லாம் கெஞ்சினேன். இவர் எப்போது பேச்சை நிறுத்துவார் என்று பதினைந்து வருஷம் அலுத்துக்கொண்டவள் நான். கழுவாத கையால் எச்சிலைத் துடைத்துத் துடைத்து அவர் கன்னமெல்லாம் மண்ணாகிவிட்டது. இனி அந்தக் குரல் வரவே வராதோ என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எப்ப ஆரம்பிச்சுது? நேரம் தெரிஞ்சாத்தான் ரத்தக்கட்டியக் கரைக்கற ஊசி போடலாமான்னு பாக்க முடியும்," என்றார் டாக்டர்.

"பத்து மணிக்குச் சரியா இருந்தாரு. பத்தேகாலுக்கு வாய் எறங்கிடுச்சு."

எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அதற்கப்புறம் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்கேன் எடுத்து ஊசி போட்டார்கள். அன்றைக்கெல்லாம் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. மறுநாள் மத்தியானம் கண் விழித்தவர் என்னையே பார்த்தார். பிறகு நேற்றுப் போலவே வலது கையை மெல்லத் தூக்கினார்.

"வாணி," என்றார் குழறலாக. "இப்பப் பேசலாமா?"