கறிவேப்பிலைப் புழுக்கள்

ஏரியில் கையால் தடவி நண்டு பிடித்துவிட்டு வீடு திரும்பினால், என்னோடு பேச பக்கத்து வீட்டுக் கஸ்தூரி ஒருத்திதான். தினமும் கறிவேப்பிலை கேட்டு வருவாள்.

மாசியில் செடி துளிர்த்தபோது பறவை எச்சம் போல ஐந்து புழுக்கள் தென்பட்டன. செத்துப்போன என் மனைவி இருந்திருந்தால் பொறுக்கி எறிந்திருப்பாள். நான் பழைய இறால் வலையைச் செடிமேல் போர்த்தி அவற்றை வளர்த்தேன்.

"ஒரு கொத்து குடுண்ணே," என்றாள் கஸ்தூரி.

"இல்ல. புழு துன்னட்டும்."

"என்னவிட அந்தப் புழு ஒசத்தியா பூட்ச்சா?"

போனவள் திரும்ப வரவில்லை. போனால் போகட்டும் என்றிருந்தேன்.

பங்குனியில் ஐந்தும் பட்டாம்பூச்சியாகிப் பறந்தன. மொட்டைச் செடி மறுபடி துளிர்த்தது, வாசலில் மல்லிகையும் பூத்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

ஒரு கொத்து ஒடித்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் புதுக் கறிவேப்பிலைக் கன்று நின்றது.

"பொன்னேரில வாங்கினேன். இனிமே உன்னாண்ட வந்து நிக்க வேணாம் பாரு," என்றாள்.

குனிந்து இலைக்கு அடியில் பார்த்தேன். கடுகைவிடச் சின்னதாய் ஒரு பட்டாம்பூச்சி முட்டை. சொன்னால் நசுக்கிவிடுவாள்.

"செடி நல்லாருக்கு," என்று மட்டும் சொல்லிவிட்டு, கையிலிருந்த கொத்தோடு திரும்பினேன்.