திரு. கமலநாதனுக்கு இரண்டு செய்திகள்

மாசாய் என்ற ஊரில் ஒரு கடை வரிசையின் மாடியில் இருந்தது அந்த அலுவலகம். வீடுகளுக்குத் தண்ணீர் ஃபில்டர் பொருத்துவதும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை போய் அதன் உள்பாகத்தை மாற்றிக் கொடுப்பதும்தான் தொழில். முதலாளி தியாகராஜன். அலுவலகத்தைக் கவனித்துக்கொள்பவள் லோஷினி. வெளியே போய் வேலை செய்யும் டெக்னீஷியன்களில் மூத்தவர் காளிதாஸ்.

வாடிக்கையாளர்களின் விவரமெல்லாம் பழைய பில்லிங் மென்பொருள் ஒன்றில் கிடந்தது. பில் அடிக்க அது போதும். யாருக்கு எப்போது ஃபில்டர் மாற்ற வேண்டும் என்று மட்டும் அது சொல்லாது. லோஷினிதான் தேடிப் பார்த்து ஒவ்வொருவருக்கும் போன் செய்வாள். சில வீடுகள் விட்டுப்போகும். அப்படி விட்டுப்போன இரண்டு மூன்று பேர் வேறு கம்பெனிக்குப் போய்விட்ட பிறகு, தியாகராஜன் ஒரு சிஆர்எம் மென்பொருள் வாங்கினார். வாடிக்கையாளர் விவரத்தை அதில் ஏற்றிவிட்டால், தவணை வரும்போது அதுவே வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிடும்.

ஏற்றுவதற்கு இரண்டு வழி இருந்தது. பழைய மென்பொருளையும் புதியதையும் நேராக இணைத்துவிடலாம். தினமும் காலையில் விவரம் தானாக வந்து சேரும். இல்லையென்றால் எல்லாவற்றையும் எக்செல்லில் எடுத்து, சரிபார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம்.

“இணைச்சிடலாம் லா,” என்றார் தியாகராஜன். “அவங்க ஆளு வந்தா அரை மணி நேரத்துல முடிஞ்சிடும்.”

“அண்ணே, பழைய சிஸ்டத்துல குப்பை நெறைய இருக்கு. ஒரே ஆளு ரெண்டு தடவ இருப்பாங்க. வீடு மாறிப் போனவங்க இருப்பாங்க. எக்செல்ல எடுத்து நான் ஒரு தடவ பார்த்துட்டு ஏத்துறேனே.”

“எத்தன நாளாகும்?”

“ஒரு மாசம் ஆகலாம்.”

“அலமாக்! ஒரு மாசம் நீ எக்செல்ல உக்காந்திருந்தா போனை யாரு எடுக்கறது?”

ஒரு மாதம் முழுக்கப் பெயர்களைப் பார்த்துக்கொண்டிருக்க லோஷினிக்கும் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. கடைசியில், சோதனைக்காக முதலில் கோத்தா திங்கி என்ற ஊரின் வாடிக்கையாளர்களை மட்டும் இணைப்பது என்று முடிவாயிற்று.

புதிதாக வந்து சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு வணக்கச் செய்தி அனுப்பும்படி அந்த மென்பொருளில் முன்பே அமைத்து வைத்திருந்தார்கள் என்பது இருவருக்குமே தெரியாது. மறுநாள் காலை கோத்தா திங்கியில் எல்லாருடைய போனும் ஒலித்தது. செய்தி மலாய் மொழியில் இருந்தது. “அன்புள்ள திரு. கமலநாதன், உங்களைப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. நலமாக இருக்கிறீர்களா?” என்கிற மாதிரி.

பெயரில்தான் வினை. மென்பொருள் ஒவ்வொரு பெயரையும் இரண்டாக வெட்டி, பின்பாதியைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டிருந்தது. இந்தியர்களின் அடையாளக் கார்டில், இன்னாரின் மகன் என்று சொல்ல ‘ஏ/எல்’, மகள் என்றால் ‘ஏ/பி’ போட்டுப் பின்னால் அப்பாவின் பெயர் வரும். மலாய்க்காரர்களுக்கு ‘பின்’ போட்டு வரும். எனவே இவர்களுக்கெல்லாம் அவரவர் அப்பாவின் பெயரில் செய்தி போய்விட்டது.

பெரும்பாலானவர்கள் சிரித்துக்கொண்டார்கள். அங்கம்மா என்ற அம்மாள் போன் செய்து, “எங்கப்பா செத்து முப்பது வருஷமாச்சு, அவருக்கு எதுக்கும்மா ஃபில்டர்?” என்று கேட்டுவிட்டு, வந்ததுதான் வந்தது என்று மாற்றுவதற்கு நாளும் குறித்துக்கொண்டார். ஒரு சீனர் சிரிக்கும் பூனைப் படம் அனுப்பினார். லோஷினி எல்லாருக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். தியாகராஜன் வணக்கச் செய்தியை நிறுத்தி வைக்கச் சொல்லி மென்பொருள்காரருக்கு எழுதினார்.

மதியத்துக்கு மேல் ஒருவர் கூப்பிட்டார். குரல் தணிவாக இருந்தது.

“மிஸ், நான் மகேஸ்வரன், கோத்தா திங்கி. கமலநாதன் எங்கப்பா. அவரு தவறிட்டாரு. கருமாதி முடிஞ்சு நாலு நாளுதான் ஆகுது. ஒங்க சிஸ்டத்துலேர்ந்து எங்க பேரை எடுத்துடுங்க.”

“மன்னிச்சிடுங்க சார். இப்பவே எடுத்துடறேன்,” என்றாள் லோஷினி. போனை வைப்பதற்குள் சிஆர்எம்மில் அவர் பெயரைத் தேடி அழித்தும்விட்டாள்.

மறுநாள் காலை அவள் கம்ப்யூட்டரைத் திறந்தபோது மகேஸ்வரனின் பெயர் மறுபடி அங்கே இருந்தது. புதியவர் சேர்ந்துள்ளார் என்று பக்கத்தில் பச்சைப் புள்ளி. செய்தி அனுப்பப்பட்டது என்றும் இருந்தது. புதியதில் அழித்தால் போதாது. பழையதில் இருக்கும்வரை இணைப்பு அவரைத் தினமும் கொண்டுவந்து சேர்த்துக்கொண்டே இருக்கும். வணக்கச் செய்தியையும் மென்பொருள்காரர் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.

தியாகராஜன் அன்று மூவாரில் இருந்தார். அங்கே ஒரு கிளை திறக்க இடம் பார்க்கப் போயிருந்தார். இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை. லோஷினி சிஆர்எம்மின் அமைப்புப் பக்கத்துக்குப் போய் இணைப்பைத் துண்டித்தாள். ‘இணைப்பை நிறுத்திவிட்டேன், வந்ததும் சொல்கிறேன்’ என்று முதலாளிக்கு எழுதிவிட்டு, மகேஸ்வரனை அழைத்தாள். அவரும் எடுக்கவில்லை.

கீழே காளிதாஸ் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“தாஸ் அண்ணே, இன்னிக்கு எந்தப் பக்கம்?”

“கோத்தா திங்கிதான். ஏன்மா?”

“நானும் வர்றேன்.”

மகேஸ்வரனின் வீடு ஆற்றுக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரே மாதிரி வீடுகள் அடுக்கிய தாமான் குடியிருப்பில் இருந்தது. பாசிர் கூடாங் ஊரின் தொழிற்சாலை ஒன்றில் இரவு ஷிப்ட் முடித்து வந்திருந்தவர், தூக்கம் கலைந்த கண்களோடு கதவைத் திறந்தார். உள்ளே மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“நேத்து எடுத்துட்டேன்னு சொன்னீங்களே மிஸ்.”

“எடுத்தேன் சார். ஆனா பழைய சிஸ்டத்துலேர்ந்து திரும்ப வந்து ஏறிக்கிச்சு. அது அப்படிச் செய்யும்னு எனக்குத் தெரியல. தெரிஞ்சிருக்கணும். இன்னிக்கு அதையே நிறுத்திட்டுத்தான் வந்திருக்கேன்.”

அவர் வழிவிட்டு, இருவரையும் உட்காரச் சொன்னார். அவருடைய அம்மா செல்லம் லோஷினிக்கும் காளிதாஸுக்கும் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். பெயர் எப்படி மாறிப்போனது என்று லோஷினி விளக்கினாள். மகேஸ்வரனின் முகத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது.

“இது எனக்குப் பழக்கம் மிஸ். சிங்கப்பூர்ல வேல செஞ்சப்ப பாஸ் அட்டைல பேரு அடிச்ச விதத்துல, சூப்பர்வைசர்லேர்ந்து கேன்டீன் வரைக்கும் எல்லாரும் என்னைக் கமலநாதன்னுதான் கூப்பிடுவாங்க. முதல்ல திருத்துவேன், அப்புறம் விட்டுட்டேன். வீட்டுல வந்து சொன்னா அப்பா சிரிப்பாரு. ‘என் பேருல நீ ஓவர்டைம் செய்யறியாடா’ம்பாரு.”

செல்லமும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

“பேரு பரவாயில்ல,” என்றார் மகேஸ்வரன். “பார்த்து ரொம்ப நாளாச்சுன்னு எழுதியிருந்துச்சே. பஸ்ஸுல ஏறப்போற நேரம். படிச்சிட்டு அப்படியே நின்னுட்டேன். நேத்து கூட தாங்கிக்கிட்டேன். இன்னிக்கும் வந்தப்பதான்…”

லோஷினி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். “எங்க தப்புதான் சார்,” என்றாள்.

வந்ததற்கு ஃபில்டரையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்று காளிதாஸ் எழுந்தார். மகேஸ்வரன் தடுத்துவிட்டார்.

“வேணாம்ணே. பேரை எடுத்துடுங்க. திரும்ப வராம பார்த்துக்குங்க. அது போதும்.”

திரும்பும் வழியில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களைத் தாண்டி வேன் போனது.

“கோவப்படல. ஆனா எறங்கியும் வரல,” என்றார் காளிதாஸ்.

“எதுக்கு எறங்கி வரணும்ணே? அவரு கேட்டது சரிதானே.”

மறுநாள் தியாகராஜன் வந்ததும் வராததுமாக அவளைக் கூப்பிட்டார்.

“என்னைக் கேக்காம எப்படி நிறுத்துன?”

“ரெண்டு தடவ கூப்பிட்டேன், நீங்க எடுக்கல. மூணாவது நாளும் அவருக்குச் செய்தி போயிடும்னு பயமா இருந்துச்சு.”

“ஒரு ஆளுக்காக எல்லாத்தையும் நிறுத்தறதா?”

“ஒரு ஆளுதான் போன் பண்ணிச் சொன்னாரு அண்ணே. சொல்லாதவங்க எத்தன பேருன்னு நமக்குத் தெரியாது.”

தியாகராஜன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அங்கே என்ன நடந்தது என்று கேட்டார். அவள் சொன்னாள், ஓவர்டைம் செய்த கதையையும் சேர்த்து. அவர் சட்டென்று சிரித்துவிட்டார்.

“எனக்கு பேங்க்லேர்ந்து வர்ற கடிதமெல்லாம் எங்கப்பா உலகப்பன் பேருலதான் வருது,” என்றார். “சரி, எக்செல்லயே செய். ஆனா எல்லாத்தையும் ஒரேடியா எடுத்து வச்சுக்கிட்டு முழிக்காத. ஊரு ஊரா முடி. காலையில போனை நான் பார்த்துக்கறேன்.”

“நீங்களா?”

“ஏன், எனக்குப் பேச வராதா?”

லோஷினி கோத்தா திங்கியிலிருந்து தொடங்கினாள். பெயரை வெட்டாமல் முழுதாக ஒரே கட்டத்தில் போட்டாள். எப்படிக் கூப்பிட வேண்டும் என்பதற்குத் தனியாக ஒரு கட்டம் வைத்தாள். சந்தேகம் வந்த இடத்தில் போன் செய்து கேட்டாள். ஒரு வீடு விற்கப்பட்டிருந்தது. ஒரு தம்பதி பிரிந்திருந்தார்கள். ஃபில்டர் மனைவியிடம் இருந்தது, எண் கணவனுடையது. மகேஸ்வரனின் பெயரைப் பழைய மென்பொருளிலும் எடுத்தாள். பட்டியலை ஏற்றி முடித்த மறுநாள் காலை முதல் வேலையாகப் போய்த் தேடினாள். அவர் பெயர் இல்லை. இன்னொரு முறையும் தேடிப் பார்த்துவிட்டு, காப்பி வாங்கக் கீழே இறங்கினாள்.

பாசிர் கூடாங் பட்டியலில் பாதி தாண்டியிருந்தபோது ஒரு நாள் தியாகராஜன் போனை அவளிடம் நீட்டினார். “ஒன்னைத்தான் கேக்கறாங்க. கோத்தா திங்கியாம்.”

“நான் செல்லம் பேசறேன்மா. மகேஸ் அம்மா. ஃபில்டர்ல தண்ணி சொட்டுச் சொட்டா வருது, வந்து பார்க்கச் சொல்லேன்.”

லோஷினி தயங்கினாள். “ஆன்ட்டி, மகேஸ் சார் பேரை எடுக்கச் சொல்லிட்டாரே. அவருக்குத் தெரியுமா?”

“அவன்தான் இந்த நம்பரைப் போட்டுக் குடுத்தான். அவன் பேரு வேணாமாம். என் பேருல போட்டுக்க.”

அவள் புதிய பக்கம் ஒன்றைத் திறந்து, செல்லம் என்று தட்டினாள். வீட்டு முகவரியைக் கேட்டு எழுதிக்கொண்டாள்.

“அடுத்த தடவ ஃபில்டர் மாத்தற நேரம் வந்தா வாட்ஸ்அப்ல செய்தி அனுப்பலாமா ஆன்ட்டி?”

“செய்தியெல்லாம் வேணாம்மா. அதைப் படிக்க நான் கண்ணாடிய தேடணும். நீ போன் பண்ணு.”

லோஷினி வாட்ஸ்அப் என்று இருந்ததை எடுத்துவிட்டுப் போன் என்று மாற்றினாள். வியாழக்கிழமை காலையில் காளிதாஸ் வருவார் என்று சொன்னாள். அன்று கோயிலுக்குப் போகிறேன், மதியம் வரச் சொல் என்றார் செல்லம். அதையும் போட்டுவிட்டு அவள் சேமித்தாள்.