தெரியாமல் திறந்த மடை

"வேட்டி கொடியில காயுதுன்னு அந்தாள்ட்ட சொல்லு," என்றாள் அம்மா. அந்தாள் இரண்டடி தள்ளி, அதே வாசலில் குந்தி உட்கார்ந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார். அப்பாவுக்குக் காதில் ஒரு குறையும் இல்லை. நண்டு வளை வழியாகத் தண்ணீர் கசிந்தால் நாலு வயல் தள்ளி நின்று இடம் சொல்லிவிடுவார். இருந்தும் என்னை நிமிர்ந்து பார்த்துக் காத்திருந்தார். "அம்மா ஒங்களுக்காக வேட்டிய வெளுத்துப் போட்டிருக்குப்பா, பளிச்சுன்னு இருக்கு," என்றேன். "சரின்னு சொல்லு ஆயி," என்றார். நான் திரும்பி, "இப்படி வெளுக்க ஒன்னாலதான் முடியுமாம்மா," என்றேன். அம்மா உதட்டைச் சுழித்துக்கொண்டு உள்ளே போனாள். என் நிச்சயதார்த்த நாள் இப்படித்தான் விடிந்தது.

பதின்மூன்று வருஷமாக இதுதான் என் பிழைப்பு. ஒரே கூரை, ஒரே அடுப்பு, ஒரே பானைச் சோறு. பேச்சு மட்டும் கிடையாது. இருவருக்கும் நடுவில் நான். வந்த சொல்லை வந்தபடியே கொடுத்தால் வீடு பற்றி எரியும் என்று எனக்குச் சின்ன வயதிலேயே தெரிந்துபோயிற்று. அதனால் கொஞ்சம் ஈரம் சேர்ப்பேன், கொஞ்சம் முள்ளை எடுப்பேன். சில நாள் பாதித் தூக்கத்தில் படுத்திருக்கும்போது அவர்கள் சொன்னது எது, நான் சேர்த்தது எது என்று எனக்கே மயங்கும். பனி இறங்கிய வயலில் வரப்பு எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதே, அப்படி. அந்த மயக்கத்தில் அப்பாவும் அம்மாவும் சிரித்துப் பேசிக்கொண்டே இருப்பார்கள். எழுந்தால் அம்மா ஒரு மூலை, அப்பா ஒரு மூலை.

மெட்ராஸில் ஆட்சி மாறி உதயசூரியன் வந்த வருஷம் அது. எனக்கு எட்டு வயது. ஆட்சி மாறினாலும் மிராசுதார் மாறவில்லை. கூலியில் அரைப் படி நெல் கூடுதலாகக் கேட்டுச் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. களை எடுக்கக் கூடாது, மாடு கட்டக் கூடாது, மடை திறக்கக் கூடாது. ஊர்வலத்தில் முதல் கொடி அம்மா கையில்தான். ஆவணி மாசம், குறுவை பால் பிடிக்கும் நேரம். பண்ணைக்குத் தண்ணீர் கட்டுகிற அப்பா மண்வெட்டியைக் கூரையில் செருகிவிட்டு நாளெல்லாம் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒன்பதாம் நாள் விடியற்காலை, தூக்கத்தில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கனவு என்றே நினைத்தேன். பாய் எல்லாம் மெல்ல நனைவது போலவும், நான் மிதந்து போவது போலவும் இருந்தது. கண் விழித்தால் கூரையில் மண்வெட்டி இல்லை. தெருவே வாய்க்கால் கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தது.

சங்கத்துக்காரர்கள் அப்பாவைத் திட்டித் தீர்த்துவிட்டு, இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள். அம்மா விடவில்லை. அடுப்புக்கு முன்னால் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அப்பா என்னைக் கொல்லைப் பக்கம் கூட்டிப்போனார். அவருடைய முழங்கால் வரை சேறு காய்ந்திருந்தது. "மேலக்கட்டு வயல் பூரா ஒங்கம்மா நட்டது. காயறதப் பாக்க முடியல. போயி அம்மாட்ட சொல்லு ஆயி," என்றார். அது உண்மைதான். இருபது பெண்கள் நட்ட வயலில் யார் நட்டது எது என்று அப்பா முதல் தழைவிலேயே சொல்லுவார். அம்மா நட்ட நாற்று நெருக்கமாக, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நிற்கும்.

நான் உள்ளே போனேன். அம்மா, "மிராசுதாரு பயிரு காஞ்சா காயட்டும், மனசு கேக்கலன்னு எவனும் எங்கிட்ட வராதீங்க," என்று சுவரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். பயந்துபோனேன். நாற்று, நடவு என்று வாயெடுத்தால் அடி விழும் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் சிலேட்டை உடைத்துவிட்டு நாங்கள் சொல்லுவதுதான் வாயில் வந்தது. "தெரியாமத் தொறந்துட்டாராம்மா," என்றேன்.

பாவி நான். தண்ணீர் கட்டுகிறவன் தெரியாமல் மடை திறப்பானா? கொத்தன் தெரியாமல் சுவர் வைப்பானா? அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். செய்ததைக்கூட ஒப்புக்கொள்ளாமல் பிள்ளையிடம் பொய் சொல்லி அனுப்புகிற ஆள் என்று அந்த நிமிஷம் முடிவு கட்டிவிட்டாள். அதற்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை இல்லை. எனக்கு விவரம் தெரிந்தபோது வருஷம் நாலாகியிருந்தது. சொல்லலாம் என்று நினைத்து நினைத்தே மிச்சமும் போயிற்று.

போன தைப்பூசத்துக்குத் திருவிடைமருதூரில்தான் மாப்பிள்ளை அரசப்பனை முதலில் பார்த்தேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் வாத்தியார் வேலை. கடைத்தெருக் கூட்டத்தில் ஒதுங்கி நின்று, "ஒங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். இதை யாரிடம் போய்ச் சொல்லவேண்டும் என்று என் மனசு சுற்றுமுற்றும் ஆள் தேடியது. என்னைத்தான் கேட்கிறார் என்று புரிவதற்குள் கூட்டம் நகர்த்திக்கொண்டு போய்விட்டது. ஆனாலும் அன்றைக்கே அவரைப் பிடித்துப்போயிற்று. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவரோடு போகவேண்டும் என்று ஏங்கினேன்.

போவதற்குத்தான் வழி இல்லை. எங்களில் தட்டு மாற்றுமுன் பெண்ணின் தகப்பன் சபையில் வைத்து, பெண்டாட்டி பெயரைச் சொல்லி, "குடுக்கலாமா?" என்று கேட்கவேண்டும். அவள் வாய்விட்டு, "குடுக்கலாம்," என்று அவரிடம் சொல்லவேண்டும். குத்தாலத்திலிருந்து வந்த முதல் சம்பந்தமும், அடுத்து வந்ததும் இந்த இடத்தில்தான் முறிந்தன. அப்பா பெயரைச் சொல்லாமல் என்னையே பார்த்தார்; அம்மா வாய் திறக்கவில்லை. தாய்க்கு மனசில்லை என்று எழுந்து போய்விட்டார்கள். இது மூன்றாவது.

மத்தியானம் வந்தார்கள். அறுப்பு முடிந்த தை மாசத்து வெயில், புது வைக்கோல் வாசனை. பந்தலில் விரித்த பாயில் அரசப்பன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய தாய்மாமன் தியாகராசன். நான் உள்ளே, தட்டிக் கதவின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தர்மாம்பாள் அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தியாகராசன் தொண்டையைச் செருமிவிட்டு, கேட்டுவிடலாமே என்றார்.

அப்பா வழக்கம்போல் என்னைத் தேடிக் கதவைப் பார்த்தார். பிறகு மெல்ல அம்மா பக்கம் திரும்பினார்.

"காத்தாயி, நீலாம்பாளக் குடுக்கலாமா?"

பதின்மூன்று வருஷத்தில் அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்கவில்லை. அம்மா தாம்பூலத் தட்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். தரையைப் பார்த்தே பேசினாள். ஆனால் அவரிடம்தான் பேசினாள்.

"அன்னிக்கு ஏன் தொறந்தீங்க?"

சபை ஒன்றும் புரியாமல் பார்த்தது. தியாகராசன் இதெல்லாம் இப்போது எதற்கு என்றார். அப்பா அவரைக் கவனிக்கவில்லை.

"நீ நட்டதும்மா அது. மேலக்கட்டு பூரா ஒங்கையி. காய விட மனசு வரல."

"அப்பறம் ஏன் தெரியாமத் தொறந்தேன்னு சொல்லி அனுப்புனீங்க?"

அப்பா புருவத்தைச் சுருக்கினார். எப்போது அப்படிச் சொன்னேன் என்று கேட்க வாயெடுத்துவிட்டார். அப்படியே நிறுத்தினார். அவர் முகம் கதவின் பக்கம் திரும்பியது. இடுக்கில் என் கண்ணைப் பார்த்திருக்கவேண்டும். பதின்மூன்று வருஷமும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனதை நான் பார்த்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"ஆமா," என்றார், தலையைக் குனிந்துகொண்டு. "பயத்துல நாந்தான் அப்படிச் சொல்லி விட்டேன்."

அம்மாவின் வாய் மறுபடியும் இறுகத் தொடங்கியது. கை தட்டின் விளிம்பிலிருந்து ஒவ்வொரு விரலாக விலகியது. அப்பா அதைப் பார்த்துக்கொண்டே பேசாமல் உட்கார்ந்திருந்தார்; எனக்காக மிச்ச ஆயுசையும் அந்த மூலையிலேயே கழிக்கத் தயாராகிவிட்டார்.

பெண் சபைக்கு வரக்கூடாது, சம்பந்தம் போய்விடும் என்று தர்மாம்பாள் அத்தை என் முந்தானையை இழுத்துக்கொண்டிருந்தாள். அதை விடுவித்துக்கொண்டு தட்டியைத் தள்ளினேன். வெளிச்சம் கண்ணில் அடித்தது. பந்தல், பாய், முகங்கள் எல்லாம் தண்ணீருக்கு அடியில் தெரிவது போல அசைந்தன. என் கால் என்னுடையதாக இல்லை. குரல் மட்டும் என்னுடையதாக வந்தது.

"அப்பா அப்படிச் சொல்லலம்மா. நாந்தான் மாத்திச் சொன்னேன்."

தியாகராசன் துண்டை உதறித் தோளில் போட்டு எழுந்திருக்கப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். நான் அவளிடம் போக வழியில்லாமல் பாய் நிறைய ஆட்கள். அப்போது அரசப்பன் மாமனோடு எழாமல், தலை நிமிராமலே, நீட்டியிருந்த கால்கள் இரண்டையும் மடக்கிக்கொண்டார். பாயில் ஒரு ஆள் நடந்து போகிற அளவுக்கு இடம் பிறந்தது.