திரைக்குள் இறங்கிய சனி

பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைபடும் ஓசை ஜன்னல் வழியே கேட்கும் தொலைவில் இருந்தது தாணுலிங்கத்தின் அச்சகம். கீழ்த்தளத்தில் கல்யாணப் பத்திரிகைகளும் கடை பில் புத்தகங்களும் அச்சாகும். மாடியில், கண்ணாடித் தடுப்புக்குள், வண்ணப் பிரிவு. அதன் தலைவியும் ஊழியரும் கடைநிலைப் பணியாளும் ஒருத்தியே, ஜானவி.

ஓவியர் ரெம்யாவின் ஓவிய நூலை அச்சிடும் வேலை கிடைத்தால் வண்ணப் பிரிவு நிலைக்கும். கிடைக்காவிட்டால் கண்ணாடித் தடுப்பு கழற்றப்படும். அதன்பின் ஜானவி கீழே பில் கவுண்டரில் உட்காரலாம், அல்லது தன் வீட்டில் உட்காரலாம். இரண்டு நாற்காலிகளையும் அவள் முன் வைத்து, விரும்பியதை எடுத்துக்கொள்ளச் சொல்லும் பெருந்தன்மை முதலாளிக்கு இருந்தது.

ரெம்யா வரைவதெல்லாம் சங்குமுகம் கடலுக்கு மேல் மழை கட்டி நிற்கும் வானம். சாம்பலிலிருந்து சாம்பலுக்கு நகரும் நிறங்கள். முன்பு ஓர் அச்சகம் அந்த வானத்தைக் கோடு கோடாகக் கிழித்துக் கொடுத்திருந்தது. ஆகையால் முதலில் திரையில் பார்ப்பேன், திரையில் பிசகினால் எழுந்து போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். அந்தத் திரைக்காகவே தாணுலிங்கம் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு புதிய கணினியும் பெரிய மானிட்டரும் வாங்கினார்.

விற்ற கடையிலிருந்து சுஜித் வந்து பொருத்திக் கொடுத்து, மலையாளம் கலந்த தமிழில் சொன்னான்.

"மேடம், ரெசல்யூஷன் ஃபுல்லாக்கியாச்சு. அஞ்சாயிரத்து நூத்தி இருபது, இன்ட்டு ரெண்டாயிரத்து எண்ணூத்தி எண்பது. கலர் டெப்த் பத்து பிட்டு. இனி இதைத் தொடண்டா, கேட்டோ."

பத்து பிட் என்றால் ஒவ்வொரு நிறமும் இருளிலிருந்து முழு ஒளிவரை ஆயிரத்து இருபத்து நான்கு படிகளில் ஏறும். அத்தனை நெருக்கத்தில் கண்ணுக்குப் படியே தெரியாது. ஜானவி ரெம்யாவின் ஓவியம் ஒன்றின் ஃபோட்டோவைத் திறந்தாள். வானம் விளிம்பு தெரியாமல் கடலில் கரைந்தது. தன் நாற்காலியின் கால்கள் தரையில் உறுதியாக ஊன்றியதைப் போல அவளுக்கு இருந்தது.

அந்த உறுதி, முதலாளி மாடி ஏறும்வரை நீடித்தது. அவர் சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பின்னால் நீலகண்டன் வந்தார். நீலகண்டன் ஆடிட்டர் அலுவலகத்தில் வாழ்நாள் முழுதும் வரவு செலவு கூட்டிய மனிதர். ஓய்வு பெற்றபின் கூட்டுவதற்கு வேறொன்றும் கிடைக்காமையால் கிரகங்களைக் கூட்டத் தொடங்கினார். அவர் வாக்கின்படியே அச்சகத்து மாடிப்படிகளில் ஒன்று குறைக்கப்பட்டது. அன்று முதல் மாடி ஏறும் வாடிக்கையாளர் ஒவ்வொருவரும் கடைசிப் படியில் தடுக்கி, முதலாளியின் அதிர்ஷ்டத்துக்குத் தலை வணங்கியே உள்ளே நுழைந்தனர்.

"நம்பர் என்னதுடே?" என்றார் தாணுலிங்கம். சுஜித் சொன்னான். நீலகண்டன் விரல் மடக்கினார்.

"அஞ்சும் ஒண்ணும் ரெண்டும் எட்டு. அந்தப் பக்கம் பதினெட்டு. ஆக இருபத்தாறு. ரெண்டும் ஆறும் எட்டு." அவர் கண்களை மூடித் திறந்தார். "சனி. நீங்க பொறந்த தேதியும் எட்டு. வீட்டுல ஒரு சனி போறாதுன்னு வாசல்ல இன்னொண்ண வச்சிருக்கேள்."

தும்பாவிலிருந்து வானுக்கு ராக்கெட் விட்ட அதே நகரத்தில், வானிலிருந்து சனி பகவான் ஒரு கணினித் திரைக்குள் இறங்கினார்.

"பத்து பிட்டு எப்பிடி சாமி?"

"ஒண்ணும் சைபரும் ஒண்ணு. சூரியன். சனிக்குப் பரம சத்ரு. வேற என்ன இருக்கு அதுல?"

சுஜித் பட்டியலைத் திறந்து காட்டினான். ஆறு, எட்டு, பத்து.

"ஆறு வை. சுக்கிரன். லக்ஷ்மி கடாட்சம். மேல ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது, ஆயிரத்து எண்பதுன்னு ஒண்ணு தெரியறதே, கூட்டினா மூணு. குரு. அதையும் வை."

"சாரே, ஆறு பிட்டு பழைய சீப் ஸ்க்ரீனுக்குள்ளதாணு. ஒரு கலருக்கு அறுபத்துநாலு படிதான் வரும்."

"மக்கா, வேலை முடிஞ்சுல்லா. கீழ போய் சாயா குடி," என்றார் தாணுலிங்கம்.

சுஜித் போனான். விஞ்ஞானம் சாயா குடிக்க இறங்கியதும் சுக்கிரன் பதவி ஏற்றார். எழுத்துகள் பூசணிக்காய் அளவுக்குப் பெருத்தன. முதலாளி அகமகிழ்ந்தார், கண்ணாடி போடாமலே அவருக்கு எல்லாம் தெரிந்தது. திரையின் நெற்றியில் சந்தனம் வைத்தார். ரெம்யாவின் வானம் அதற்குக் கீழே பட்டை பட்டையாகப் பிளந்து கிடந்தது.

ஜானவிக்கு இந்தக் கூட்டலில் எள்ளளவும் நம்பிக்கை இல்லை. இருந்தும் மறுநாள் அவள் செய்தது, நம்பாதவர் அனைவரும் செய்யும் அதே காரியம்: நம்புகிறவர்களின் காசிலேயே பேரம் பேசப் பார்த்தாள். பழைய கோட்டைக்குள் இருந்த நீலகண்டன் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"மாமா, நடுவுல இருக்கறது பெருக்கல் குறி. நீங்க ஏன் கூட்டறேள்? பெருக்கிப் பாருங்கோ. ஒரு கோடியே நாப்பத்தேழு லட்சத்து நாப்பத்தஞ்சாயிரத்து அறுநூறு. அதைக் கூட்டினா இருபத்தேழு. ஒன்பது. சனியே இல்ல."

நீலகண்டன் தாளை வாங்கிப் பெருக்கினார். அவர் முகத்தில் மரியாதை படர்ந்ததைப் பார்த்து ஜானவி ஒரு கணம் ஜெயித்துவிட்டதாகவே எண்ணினாள்.

"பேஷ். ஒன்பதேதான்டி. செவ்வாய். சனி ஜாதகத்தோட செவ்வாய் சேர்ந்தா அக்னி பயம். பிரஸ் பூரா காகிதம். நல்ல வேளை, நீயே வந்து சொன்னே."

அன்று மாலையே தாணுலிங்கம் தொலைபேசியில் அழைத்து, திரையைத் தொட்டால் தொலைத்துவிடுவேன் என்றார். கூட்டினால் சனி, பெருக்கினால் செவ்வாய். அந்தக் கடையில் அவள் எந்தக் காசைக் கொடுத்தாலும் செல்லாது என்பதை ஜானவி அப்போதுதான் உணர்ந்தாள்.

வெள்ளிக்கிழமை ரெம்யா வந்தார்; வழக்கப்படி கடைசிப் படியில் தடுக்கினார். முதலாளியும் நீலகண்டனும் பெண் பார்க்க வந்தவர்களைப் போல வரிசையாக உட்கார்ந்திருந்தனர். ரெம்யா திரைக்கு அருகே குனிந்தார்.

"இதெந்தா, என் ஆகாசத்துல படிக்கட்டு கட்டி வச்சிருக்கீங்க? பத்மதீர்த்தக் குளம் மாதிரி உண்டல்லோ."

"ஃபோட்டோ எடுத்ததுல குறை இருக்கும் மேடம்," என்றார் தாணுலிங்கம். "நம்ம மிஷின் புதுசாக்கும்."

"ஃபோட்டோ எடுத்தது நானாணு."

ரெம்யா பையைத் தோளில் மாட்டினார். முதலாளி ஜானவியைப் பார்த்தார்; அந்தப் பார்வையில் பில் கவுண்டர் தெரிந்தது. தலையாட்டி, ஃபோட்டோவில் குறை என்று அவளும் சொல்லியிருக்கலாம். முதலாளியின் மானம் தப்பியிருக்கும். வானம் மட்டும் போயிருக்கும்.

"உங்க ஃபோட்டோல குறை இல்ல மேடம். ஒரு நிமிஷம் உட்காருங்கோ," என்றாள் ஜானவி. அமைப்புப் பக்கத்தைத் திறந்தாள்.

"ஜானவி, அது வேண்டாம்," என்றார் முதலாளி.

அவள் நிற ஆழத்தைப் பத்தாக்கினாள். தெளிவை முழு அளவுக்கு ஏற்றினாள். திரை இருண்டது. "பாத்தேளா," என்று நீலகண்டன் தொடங்குவதற்குள் வெளிச்சம் வந்தது. படிக்கட்டு இல்லை, வானம் இருந்தது. ரெம்யா பையைக் கீழே வைத்தார்.

திரையின் நடுவே ஒரு சிறு கட்டம் எழுந்தது. புதிய அமைப்பை வைத்துக்கொள்வதா, பழையதற்கே திரும்புவதா என்று அது கேட்டது. ஒருவரும் ஒன்றும் சொல்லாவிட்டால் பழையதே திரும்பி வந்துவிடும் என்றும் சொன்னது. பதினைந்து, பதினான்கு என்று எண் இறங்கியது. பழமைக்கு இந்த உலகில் எவ்வளவு சலுகை பாருங்கள். அதற்காக ஒருவரும் உழைக்க வேண்டாம். சும்மா இருந்தாலே போதும்.

ஜானவி மௌஸிலிருந்து கையை எடுத்தாள்.

"சார், நீங்களே அமுக்குங்கோ. அப்பறம் என் மேல பழி வரப்படாது."

தாணுலிங்கம் நீலகண்டனைப் பார்த்தார். நீலகண்டன் சுவர் நாட்காட்டியைப் பார்த்தார். ரெம்யா மூவரையும் பார்த்தார். எண் ஐந்துக்கு வந்தது. முதலாளிக்கு ஒருபுறம் சனி, மறுபுறம் ஆர்டர். பக்தி பெரிதா, வியாபாரம் பெரிதா என்று எத்தனையோ மேடைகளில் கேட்டும் விடை கிடைக்காத கேள்விக்கு, எண் இரண்டில் நிற்கையில் அவர் விரல் விடை சொன்னது. கற்பூரத்தைத் தொடுவதுபோல் கண்களை மூடிக்கொண்டு அமுக்கினார்.

"இது போதும். முழு புக்கும் இங்கேயே செய்யலாம்," என்றார் ரெம்யா.

"சுக்கிர வாரமாச்சே," என்றார் நீலகண்டன். "ரெண்டு நாள் ஆறுல வச்சு சாந்தி பண்ணினதனாலதான் இன்னிக்குச் சனி அடங்கினான்."

முதலாளி மெய்சிலிர்த்து அவரைக் கும்பிட்டார். ரெம்யாவை வாசல்வரை வழியனுப்பிவிட்டு வந்து, ஜானவியின் நாற்காலிக்குப் பின்னால் குரலைத் தாழ்த்திக்கொண்டு நின்றார்.

"நீ இங்கயே இரி மக்ளே. தடுப்பைக் கழட்டல்ல. ஆனா ஒண்ணு, அந்தம்மா போயாச்சுல்லா. திரும்ப ஆறுல வச்சிரு."

"வைக்க மாட்டேன் சார்."

"என்னது?"

"வைக்க மாட்டேன். ஆறுல வச்சா நான் கீழ பில் போடறேன். இந்த புக்கை மாமா முடிச்சுக் குடுக்கட்டும்."

நீலகண்டன் அவசரமாகத் தன் குடையைத் தேடினார். முதலாளி பத்திலேயே நின்ற திரையைக் கும்பிட்டுவிட்டுப் பின்வாங்கினார். ஜானவி அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி அடுத்த ஓவியத்தைத் திறந்தாள். அது மழை தொடங்கிய பிறகான கடல்.