கூரைமேல் உட்கார்ந்த கோச்

கெர்னோட் போல்க்கே என் பள்ளித் தோழன். பெரிய கால்பந்து கிளப்புக்குக் கோச்சாக இருந்து இரண்டு முறை சாம்பியன் ஆனவன், இன்றைக்கு ஜெர்மனி முழுக்க அவன் முகம் தெரியும். ஆனால் அவன் இருபது வயதில் எங்கள் ஊரான ஹாமர்பெக்கில் பிரபலமானது வேறு காரணத்துக்காக. ஊர்க் கிளப்பின் தடுப்பாட்டக்காரனாக இருந்தபோது, ஒரே ஆட்டத்தில் சொந்த வலைக்குள்ளேயே இரண்டு கோல் போட்டான்.

"ஹெட்விக், ரெண்டும் எவ்ளோ அழகான கோல் பாத்தியாடி!" என்று என்னிடமே வந்து பெருமையடித்தான்.

முழங்கால் போன பிறகு கோச் ஆனான். மூன்று கிளப்கள் அவனை வேலையைவிட்டுத் தூக்கின. அதில் ஒன்று கிறிஸ்துமஸ் விருந்துக்கு நடுவில் தூக்கியது. தட்டிலிருந்த வாத்துக்கறியை முடித்துவிட்டுத்தான் எழுந்தான். கடைசியில் வேறு யாரும் கிடைக்காமல் எங்கள் ஊர்க் கிளப்பே அவனைக் கூப்பிட்டது. நாலாம் டிவிஷனில் கிடந்த கிளப்பை இரண்டாம் டிவிஷன் வரைக்கும் இழுத்துவந்தான். திட்டுவான், உடனே கட்டிப்பிடிப்பான். சில சமயம் இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும்.

அந்த மே மாதம், கடைசி ஆட்டத்தில் ஜெயித்தால் முதல் டிவிஷன். ஊர் வரலாற்றிலேயே நடக்காத காரியம். அதற்கு முந்தின வாரம் பார்த்து இந்தப் புண்ணியவான் கோபத்தில் ஒரு வாளியை உதைக்க, அது பறந்துபோய் நடுவர் ஒருவரின் தலையில் தொப்பி மாதிரி கவிழ்ந்தது. மைதானத்துக்குள் காலே வைக்கக் கூடாது, ஆட்டக்காரர்களோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று தடை விழுந்தது.

என் தோட்டம் மைதானத்து மதிலை ஒட்டி இருக்கிறது. ஆட்டம் நடக்கும் ஞாயிறு மதியம் ஏணியோடு வந்து நின்றான்.

"உன் தோட்டத்துக் குடில் கூரைமேல ஏறி ஆட்டம் பாத்துக்கறேன்டி. சத்தமே போட மாட்டேன்."

"நீயா? உன் கல்யாணத்துல சம்மதம்னு நீ கத்தினதுல பாதிரியார் கையிலிருந்து மோதிரமே விழுந்துச்சு."

"சத்தியமா வாயைத் திறக்க மாட்டேன்."

நானும் கூட ஏறினேன், மடியில் ஒரு தட்டு நிறைய, ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்டுச் சுட்ட கேக்கோடு. அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு துண்டைத் திணிப்பது என்று ஏற்பாடு. எதிரணி முதல் கோல் போட்டபோது ஒரு துண்டு. நாங்கள் சமன் செய்தபோது இரண்டு. இடைவேளைக்குள் பாதித் தட்டு காலி. பக்கத்துத் தோட்டத்து கூல்மன், என் வேலி இரண்டு விரல் உயரம் அதிகம் என்று வருஷா வருஷம் புகார் கொடுப்பவர், அன்றைக்கு அந்த வேலிக்கு மேலேயே கிரீம் கிண்ணத்தை நீட்டினார். "காஞ்ச கேக் தொண்டையில அடைக்கும், இதைத் தொட்டுக் குடும்மா!"

கடைசி நிமிஷம். ஒன்றுக்கு ஒன்று. எங்களுக்கு ஒரு கார்னர். கோல்கீப்பர் லென்னார்ட் தன் வலையை அம்போவென்று விட்டுவிட்டு முன்னால் ஓடிவர நினைத்துத் தயங்கித் தயங்கி நின்றான். கெர்னோட்டுக்கு உலகத்திலேயே பிடிக்காத காரியம் அது. துள்ளி எழுந்தான். "போகாதே!" என்று அவன் அடிவயிற்றிலிருந்து கத்த ஆரம்பிக்கவும், நான் கடைசித் துண்டை வாய்க்குள் தள்ளவும் சரியாக இருந்தது.

லென்னார்ட் சட்டென்று மதில் பக்கம் திரும்பினான். பிறகு குதிரை மாதிரி ஓடினான். பந்து வந்தது, எம்பினான், முட்டினான், கோல்!

கூரை ஆடியது. கெர்னோட் என்னைத் தூக்கிச் சுற்றி இறக்கினான், கால் வழுக்கி, தனியாகச் சரிந்து கூல்மனின் ராஸ்பெரிப் புதரில் போய் விழுந்தான்.

"உயிரோட இருக்கியாடா?"

"முதல் டிவிஷன்ல இருக்கேன்டி!"

அவன் உள்ளே போக முடியாததால் ஆட்டக்காரர்கள் மதிலேறிக் குதித்தார்கள். என் கீரைப் பாத்தி அத்தோடு முடிந்தது. பீரை அவன் தலையில் கவிழ்த்தார்கள். லென்னார்ட் மூச்சிரைக்க வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான்.

"கோச், ரொம்ப நன்றி! போகலாமா வேணாமான்னு நின்னுட்டிருந்தேன். நீங்க மட்டும் 'போ'ன்னு கத்தலேன்னா..."

கெர்னோட் என்னைப் பார்த்தான். நான் காலித் தட்டைப் பார்த்தேன்.

"யாருடா கத்தினது?" என்றான், மீசையிலிருந்து கிரீமைத் துடைத்தபடி. "எனக்குத்தான் பேசவே தடை ஆச்சே!"

"நான்தான் கத்தினேன்," என்றார் கூல்மன் கம்பீரமாக. "வயசானாலும் எனக்கு நல்ல தொண்டை."

உடனே பதினோரு பேரும் சேர்ந்து கூல்மனைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். "ஐயோ, என் முதுகு! இன்னும் உசரத் தூக்குங்கடா!" என்று அவர் கத்த, தோட்டம் தோட்டமாக ஊர்வலம் போனது. ராஸ்பெரி முள் குத்திய பின்பக்கத்தைத் தடவிக்கொண்டே, முன்னால் ஆடிக்கொண்டு போனான் எங்கள் கெர்னோட்.