எதிர்ப்பக்கம் திரும்பும் லென்ஸ்

ஆதவன் பத்து வருஷமாகச் சினிமா கேமராவுக்கு ஃபோகஸ் பிடிக்கிறவன். நடிகர் நகர நகர, லென்ஸின் வளையத்தைத் திருப்பி முகத்தைத் தெளிவாக வைத்திருப்பது அவன் வேலை. தோழி நிரஞ்சனாவின் குறும்படத்துக்குச் சினிமா லென்ஸ் வாடகைக்கு எடுக்க வசதியில்லை. ஃபோட்டோ எடுக்கிற பழைய லென்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டார்கள். படம் அருமையாகத்தான் விழுந்தது. ஒன்றே ஒன்று, அவன் கைக்குப் பழகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பும் அதன் வளையம்.

காலையில் தேக்கா சந்தையில் எடுத்ததெல்லாம் யாரும் நகராத காட்சிகள். லென்ஸ் சின்னது என்பதால் கூட்டத்தில் ஒருவரும் கவனிக்கவில்லை. மதியம் சுவா சூ காங்கில் நிரஞ்சனாவின் வீடு. நடிக்கப்போகிறவர் அவள் அப்பா மாணிக்கம். ஜூரோங் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி ரஞ்சிதம் தவறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

காட்சி இதுதான்: வேலை முடிந்து வருகிறவர் வாசலிலிருந்து கேமராவை நோக்கி நடந்தபடி, "லதா" என்று கதையில் வரும் மனைவியைக் கூப்பிட வேண்டும்.

"ஒரு தடவை ஒத்திகை பாத்துக்கலாமா ஆதவா?" என்று கேட்டாள் நிரஞ்சனா.

"பத்து வருஷமா இதத்தானே பண்றேன். உங்கப்பா நடந்துதானே வரப்போறாரு, ராக்கெட்லயா வராரு? கேமராவ ரோல் பண்ணு லா."

மாணிக்கம் வந்தார். பையை இறக்கினார். நான்கு அடி வைத்தார்.

"ரஞ்சி," என்றார். "எங்க இருக்க?"

அப்படியொரு குரலை நடித்து வரவழைக்க முடியாது. நிரஞ்சனா வாயைப் பொத்திக்கொண்டாள். ஆதவனின் கையோ பழக்கத்தில் தப்பான பக்கம் திருப்பிவிட்டது. திரையில் மாணிக்கம் வெறும் புகையாக வந்தார். திறந்த கதவுக்கு வெளியே, எதிர் அடுக்குமாடி புளோக்கில் காயும் துணிகள் பளிச்சென்று தெரிந்தன.

தன் கை தவறிவிட்டது என்று அவன் சொல்லியிருந்தால் என்ன குறைந்திருப்பான், சொல்லுங்கள் கண்ணுகளா? சற்றுமுன் பேசிய பேச்சுக்குப் பிறகு வாய் வரவில்லை.

"ஒன் மோர் போலாம் அங்கிள்," என்றான்.

இன்னொரு தடவையும் அப்படியே வந்துவிடும் என்ற ஆசையில் நிரஞ்சனாவும் பேசாமல் இருந்துவிட்டாள்.

"சரி தம்பி." மாணிக்கம் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார்.

இன்னும் ஆறு தடவை நடந்தார். ஆறு தடவையும் "லதா" என்று சுத்தமாகக் கூப்பிட்டார். ஃபோகஸும் சுத்தம். ஒன்றிலும் உயிரில்லை.

ஒரு மாதம் அந்த முதல் டேக் ஆதவனை அரித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாணிக்கத்தைத் தேடிப் போனான்.

"அங்கிள், அன்னைக்கு முதல் டேக் கெட்டது என்னால. லென்ஸ மாத்தித் திருப்பிட்டேன். அப்பவே சொல்லிருக்கணும்."

மாணிக்கம் அவனையே பார்த்தார்.

"உன் தப்பா? நான் பேரு மாத்திக் கூப்பிட்டதாலதான் மறுபடி எடுக்குறீங்கன்னு நெனச்சேன்."

"இல்ல அங்கிள். அது சரியாத்தான் இருந்துச்சு."

"அவ பேரு வாயில வந்துடக்கூடாதுன்னு பயந்துக்கிட்டேதான் ஆறு வாட்டியும் நடந்தேன்." வாசல் பக்கம் பார்த்தார். "முன்னெல்லாம் வீட்டுல தனியா இருந்தா அவளக் கூப்பிட்டுப் பேசுவேன் தம்பி. அன்னைக்கிலேந்து அதுவும் வரமாட்டேங்குது."

ஆதவன் ஃபோனை வெளியே எடுத்தான்.

"அந்த டேக் இருக்கு அங்கிள். முகம் தெரியாது. குரல் இருக்கு. போட்டுக் காட்டட்டுமா?"

"வேணாம்பா," என்றார் மாணிக்கம். "நல்லா வந்ததையே வச்சுக்குங்க."